சந்தனம் அடைத்த பேனை

மாசி பிறந்தால் நான் முதலில் நினைக்கிற என் ஐயாவுக்கு,

உங்கள் மகள் மணி எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் பருமனாக இருக்கும். சில இடங்களில் மை கூடியும் இருக்கும். நீங்கள் பார்த்தால் எந்தப் பேனையால் எழுதியது என்று உடனே பிடித்துவிடுவீர்கள்.

வருகிற கிழமை உங்களுடைய ஐந்தாவது திவசம். எங்கள் வாசிகசாலையில் இப்போது மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை வைக்கிறார்கள். தங்கச்சி பவளத்துக்குப் படிப்பித்த ரீச்சர் வீட்டுக்கு வந்து, ஐயாவைப் பற்றி ஏதாவது எழுதித் தா என்று கேட்டார். உங்களைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு வராது. உங்களுக்கே எழுதினால் எழுதலாம் போல இருந்தது. அதை அவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்தக் காலபோக நெல் விளைச்சல் குறைவில்லை. கடைசி வயலில் மட்டும் பன்றி புகுந்துவிட்டது. நீங்கள் வாங்கின நாம்பன் மாடு இப்போது கிழடாகி, வாய்க்காலைக் கண்டால் படுத்துக்கொள்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ இருக்கிறது. ஆனாலும் அறுவடைக்குப் போகாமல் நிற்கமாட்டார். பவளத்தின் செய்தியைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் பேனைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பித்தளைக் கொளுவி வைத்த அந்தப் பச்சைப் பேனையை நீங்கள் சேட்டுப் பையில் குத்தாமல் சந்திக்குப் போனதை நான் பார்த்ததில்லை. வாய்க்காலில் கடைசிக் காணிக்காரருக்குத் தண்ணீர் வரவில்லை என்றாலும், விதைநெல் கிடைக்கவில்லை என்றாலும் ஆட்கள் உங்களிடம்தான் வந்தார்கள். நீங்கள் கதிரையில் இருந்து மனு எழுதுவீர்கள். எழுதி முடித்து இரண்டு முறை உரத்து வாசித்துக் காட்டுவீர்கள். 'பணிவுடன் அறியத் தருவது யாதெனில்' என்று நீங்கள் தொடங்கும்போது, மனு எழுதுவிக்க வந்தவரே கந்தோரில் அதிகாரிக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மை ஊற்றும் வேலை என்னுடையது. சின்னக் குழாயால் சொட்டுச் சொட்டாக ஊற்றுவேன். ஒரு சொட்டும் வெளியே விடமாட்டேன். ஆனால் எழுதத் தாருங்கள் என்றோ, ஒரு எழுத்து எழுதிப் பார்க்கட்டோ என்றோ ஒருநாளும் கேட்டதில்லை. நீங்களாகத்தான் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்.

"அஞ்சாம் வகுப்புக்கு வா. இதாலையே எழுதப் பழக்கிறன். இப்ப தந்தா, பென்சில் அமத்தின கைக்குப் பேனை முள்ளு நெளிஞ்சு போகும்."

நான் அப்போது நாலாம் வகுப்பு. அந்த மாசியில் கதிர் அறுக்கும்போது உங்களை நாகம் தீண்டியது. நீங்கள் நடந்துதான் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் சொண்டு, மேலுதடும் கீழுதடும், நீலம் பாரித்திருந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை ஒருவரோடொருவர் கதைத்ததில்லை.

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு அம்மா வயலுக்குப் போகத் தொடங்கினார். பவளத்துக்கு ஐந்து வயது. அவளைப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும். என்னை நில் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. புத்தகப் பை ஆணியில் தொங்கியது. பிறகு அதில் அம்மா மிளகாய் விதை கட்டி வைத்தார்.

அந்த ஆண்டுச் சரஸ்வதி பூசைக்கு அம்மா உங்கள் பேனையைத்தான் முதலில் எடுத்து வைத்தார். நீங்கள் இருந்தபோது என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல்நாளே கிணற்றடிக்குக் கொண்டுபோய் மையைக் கொட்டி, உள்ளும் புறமும் கழுவி, துணியில் உலரவிட்டு, மூடி, அதன் பிறகுதான் படத்துக்கு முன்னால் வைப்பீர்கள். அம்மா அந்த நேரம் மோதகத்துக்கு மா இடித்துக்கொண்டிருப்பார். அவர் கண்டதெல்லாம் மூடியில் வைத்த சந்தனப் பொட்டு மட்டுந்தான்.

நீங்கள் இல்லாத அந்த முதல் பூசையில், பேனைக்குக் குறைவாகச் செய்யக்கூடாது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். மூடியைக் கழற்றினார். எழுதுகிறது முள்தானே என்று முள்ளிலேயே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். உள்ளே நீங்கள் கடைசியாக எழுதிய மை அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் அவல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு அழவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம் வைத்தார். இப்படி ஐந்து பூசை. விசயதசமி அன்று எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பார். ஏன் ஐயா எனக்கு வாய் திறக்க முடியவில்லை? ஒரு வசனந்தானே?

போன ஐப்பசியில் ஐந்தாவது பூசை முடிந்து இரண்டாம் நாள், பவளம் பள்ளிக்கூடத்தால் ஓடிவந்தாள். அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குமேல் வகுப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மேலே படிப்பதென்றால் மூன்று கட்டை தூரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து, கிளிநொச்சியில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே பென்சிலால் எழுதினால் பார்க்கமாட்டார்களாம். ஆகவே இனி எல்லாரும் மையால் எழுதிப் பழக வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ஐயாவின்ர பேனை வேணும்," என்றாள் பவளம்.

"அது சாமிக்கு வைச்ச பேனை," என்றார் அம்மா. "நீ பென்சிலாலை எழுதிப்போட்டு வா. மார்கழியோடை பள்ளிக்கூடம் முடியப்போகுதுதானே."

மார்கழி விடுமுறையைச் சொல்கிறார் என்று பவளம் நினைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். எனக்கு விளங்கியது. மூன்று கட்டை வாய்க்கால் கட்டால் நடந்து போகிற பாதை, இன்றோ நாளையோ பெரியபிள்ளையாகப் போகிற வயது, அறுவடைக்கு ஆள் இல்லாதது எல்லாவற்றையும் அம்மா யோசித்து முடித்துவிட்டார். ஆணியில் இன்னொரு பை தொங்கப் போகிறது.

மறுநாள் அம்மா வயலுக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்து பேனையை எடுத்தேன். மூடி கழரவே இல்லை. துணியைச் சுற்றித் திருகிக் கழற்றினேன். முள் இருந்த இடத்தில் ஒரு சந்தனக் கட்டிதான் இருந்தது. ஒரு சிரட்டையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து ஊறப் போட்டு, ஒருவரும் காணாதபடி கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

முதலில் குங்குமம் கரைந்தது. பிறகு சந்தனம் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. இரண்டாம் நாள்தான் நீலம் வரத் தொடங்கியது. தண்ணீரை மாற்ற மாற்ற வந்துகொண்டே இருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்திய மை அவ்வளவு அதற்குள் இருந்திருக்கிறது. அடைப்பு எடுபட்டதோ என்று பார்ப்பதற்கு, பேனைக்குள் வெறும் தண்ணீரை ஊற்றிப் பவளத்தின் பழைய சிலேற்றில் எழுதிப் பார்த்தேன். தண்ணீர் எழுத்து கொஞ்ச நேரம் தெரிந்து, காய்ந்து, மறைந்துவிடும். ஒருவரும் வாசிக்க முடியாது என்பதால் எனக்குக் கை கூசவில்லை. நான் பேனையால் முதலில் எழுதியது அப்படித்தான். என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன். காய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மீதி நீலமும் கழரட்டும் என்று மறுபடி ஊறப் போட்டுவிட்டுக் குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். அம்மா அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டார். வீட்டு வளவுக்குள் வந்ததும் அவருடைய குரல் கேட்டது. நான் அறியாத குரல்.

"மணி, வெளியாலை வராதை. உள்ளுக்கை நில்."

வாசலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் வெள்ளைக் கோழி முற்றத்தில் நின்றது. அதன் சொண்டு நீலம். நெஞ்சுச் சிறகும் நீலம். அம்மா மண்வெட்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றார்.

"கோழியைத் தீண்டிப்போட்டுது. சொண்டெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. உதுக்குள்ளைதான் எங்கையோ சுருண்டு கிடக்கும்."

கூட்டை மூடியிருந்த ஓலைக் கிடுகுகளை ஒவ்வொன்றாக மண்வெட்டிப் பிடியால் தட்டி விழுத்தினார். பாம்பு தீண்டிய கோழியோ அவருடைய காலடியில் நின்று புழுக் கொத்திக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அவர் கோழியின் சொண்டைப் பார்க்கவில்லை, ஐயா. யாருடைய சொண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்துகொண்டே நின்றேன். அம்மா கூட்டை முழுதாகப் பிரித்துவிட்டு, வைக்கோலைக் கிளறுவதற்குக் குனிந்து கையை உள்ளே விடப் போனார்.

"பாம்பில்லை, அம்மா. மை."

"என்ன மை?"

"ஐயாவின்ர பேனை மை. சிரட்டையிலை ஊறப் போட்டனான். கோழி குடிச்சுப்போட்டுது."

அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு அதற்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். நான் போய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா கழுவிப்போட்டுத்தான் வைக்கிறவர், மூடியில் மட்டும்தான் சந்தனம் வைக்கிறது, முள்ளில் வைத்தால் அடைத்துவிடும் என்று சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அஞ்சு வருசமா உதை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டே நிண்டனீ?"

"ஓம்."

"ஏனெடி சொல்லேல்லை?"

"நீங்கள் அழுதுகொண்டு நிண்டனீங்கள்."

அம்மா பேனையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முள் மினுங்கியது. அதை அப்படி அவர் பார்த்து ஐந்து வருடம்.

"வேறை என்ன வைச்சிருக்கிறாய்? கிடக்கிற எல்லாத்தையும் இண்டைக்கே சொல்லி முடி."

அம்மா அதைக் கோபத்தில்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார் அல்லவா? அதனால் சொன்னேன்.

"பவளத்தை நிப்பாட்டாதேங்கோ, அம்மா. என்னை நிப்பாட்டினதே போதும்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவருடைய குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"நான் உன்னை நிப்பாட்டேல்லை, பிள்ளை. நீ போறன் எண்டு சொல்லுவாயெண்டு ஒரு கிழமையாப் பாத்துக்கொண்டு இருந்தனான். நீ வாயே திறக்கேல்லை. உனக்கும் விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

ஐயா, இதை வாசிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ தெரியாது. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் கேட்டிருந்தால் அம்மா விட்டிருப்பாரா? இல்லை, அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலுக்கா? அதை நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டாலும் இனி என்ன? பதினைந்து வயதில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாங்கில் போய் இருக்க முடியுமா?

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு அம்மாவும் நானுமாகக் கோழிக்கூட்டை மறுபடி வேய்ந்தோம். பின்னேரம் பவளம் வந்து கோழியைக் கண்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோழிக்கு இப்போது நீலம் எல்லாம் போய்விட்டது. ஆனால் பெயர் 'நீலி'தான்.

அடுத்த சனிக்கிழமை அம்மா சந்தைக்குப் போய் வந்து பையைக் கொட்டினார். உப்பு, செத்தல் மிளகாய், ஒரு கட்டுக் கருவாடு. கருவாட்டுப் பொதிக்குப் பக்கத்தில் ஒரு மைப்போத்தல். "மூடியை இறுக்கி வை, கோழி குடிச்சுப்போடும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பவளத்தை எழுதப் பழக்கியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிப் பழகியவள், பேனை முள்ளையும் நாக்கில் தொட்டுவிட்டாள். நாக்கும் சொண்டும் நீலம். "நீயும் நீலியும் இனி ஒரு கூட்டுக்கை படுங்கோ," என்றார் அம்மா. அதற்குப் பிறகு சிலேற்றில் அமத்துகிறமாதிரி அமத்தினாள். முள் இரண்டு பக்கமும் விரிந்து தாள் கிழிந்தது. நீங்கள் சொன்னது நினைவு வந்தது. பேனையைப் பறித்து வைத்துவிடலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன்.

பறிக்கவில்லை. மறுபடி தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். "மை தானா இறங்கும், நீ கொண்டுபோறது மட்டுந்தான் வேலை. கோழிக்குஞ்சைப் பிடிக்கிறமாதிரிப் பிடி," என்று சொன்னேன். நான்கு நாள் சிலேற்றில் தண்ணீரால் எழுதினாள். ஐந்தாம் நாள் மையை ஊற்றி, கொப்பியில் உங்கள் பெயரை எழுதச் சொன்னேன். மை ஊறிப் பரவாமல் எழுதினாள். அதற்குள் முள் கொஞ்சம் அகன்றுவிட்டது. இப்போது எழுத்துப் பருமனாக விழுவது அதனால்தான். உங்கள் மெல்லிய எழுத்து இனி இந்தப் பேனையில் வராது. அதற்கு நீங்கள் கோபிப்பீர்களா?

கார்த்திகையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லி அனுப்பினார். அம்மா அப்போதும் போகட்டும் என்று வாயால் சொல்லியிருக்கவில்லை. அடுப்படியில் இருந்துகொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"அதுக்கு மனு ஆர் எழுதுறது? கொப்பரும் இல்லை."

"நான் எழுதுறன்."

அம்மா திரும்பிப் பார்த்தார். பவளமும் பார்த்தாள். எனக்கே அது வேறு யாரோ சொன்னது போல இருந்தது.

உங்கள் கதிரையில் இருந்துதான் எழுதினேன். நாலாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதாதுதான். ஆனால் குசினி வாசலில் நின்று கேட்டதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. முதல் தாளில் மை சிந்திவிட்டது. இரண்டாவதில் அம்மாவின் பெயரை விட்டுவிட்டேன். மூன்றாவது சரியாக வந்தது. பிறகு நீங்கள் செய்வதுபோல எழுந்து நின்று உரத்து வாசித்தேன். 'பணிவுடன் அறியத் தருவது யாதெனில்' என்று தொடங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு அதில் கையெழுத்து வைத்தார்.

இப்போது பவளத்தின் செய்தி. தையிலிருந்து அவள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பக்கத்துக் காணிப் பெண்பிள்ளைகள் இரண்டு பேருடன் வாய்க்கால் கட்டால் நடந்து போகிறாள். அவர்கள் வாய்க்கால் வளைவில் திரும்பி மறையும் மட்டும் அம்மா வேலிப் படலையில் நிற்பார். அவள் கையில் ஒரு தடியும் கொடுத்துவிடுகிறார், முன்னால் தட்டித் தட்டிப் போகச் சொல்லி. பேனையும் அவளுடன் போகிறது. சட்டைப் பையில் கசிந்து, தோய்த்தாலும் போகாத ஒரு நீல வட்டம் விழுந்திருக்கிறது. சனியும் ஞாயிறும் மட்டும் பேனை எனக்கு.

போன புதன்கிழமை கடைசிக் காணிக்காரர் வந்தார். அவருக்கு இந்த முறையும் தண்ணீர் வரவில்லையாம். வேலிக்கு வெளியே நின்று, "கொப்பர் எழுதிறமாதிரி ஒண்டு எழுதித் தாவன், பிள்ளை," என்றார். முன்னர் என்றால் நான் குசினிக்குள் ஓடியிருப்பேன். அன்றைக்கு நின்று சொன்னேன்.

"சனிக்கிழமை வாங்கோ. பேனை பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுது."

இன்று சனிக்கிழமை. அவர் காலையிலேயே வந்து மனுவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மீதி மையில்தான் இதை எழுதுகிறேன்.

ஐயா, வருகிற சரஸ்வதி பூசைக்குப் பேனையை நான் கிணற்றடியில் கழுவித்தான் வைப்பேன். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக் கழுவுவேன். விசயதசமி அன்று பவளத்துக்குக் கொடுக்க முன்னம் ஒரு வரி நான் எழுதுவேன். ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் தருகிறேன் என்று நீங்கள் சொன்னதை நான் அப்படி எடுத்துக்கொள்கிறேன். இனி எனக்குத் தெரிந்ததை ஐந்து வருடம் வாய்க்குள் வைத்திருக்க மாட்டேன். வார்த்தை வராவிட்டால் எழுதியாவது கொடுப்பேன்.

உங்களுக்கு மை ஊற்றித் தந்த மூத்த மகள்,
இராசமணி